தண்ணீர் சூடாகும் மாதங்களில் அவுட்போட் எஞ்சினில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது: யாழ்ப்பாணப் படகுகளுக்கான கேள்வி பதில்கள்

பங்குனி, சித்திரையில் வெயில் ஏறியதும் குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் ஒரே முறைப்பாடுதான்: "எஞ்சின் சூடாகுது, இழுவை இல்லை, தண்ணி சூடு." 18, 19 அடி பைபர் படகில் 8 முதல் 40 குதிரைவலு வரையான அவுட்போட் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. சூடான தண்ணீர் தானாக ஒரு எஞ்சினைக் கெடுப்பது மிக அரிது. எஞ்சினில் ஏற்கெனவே இருந்த குறையை அது வெளியே கொண்டுவரும். ஆகவே முதலில் அளவெடுங்கள், பிறகு திருகுச் சாவியைக் கையில் எடுங்கள்.

நம்முடைய கடலில் தண்ணீர்ச் சூடு எவ்வளவு மாறுகிறது?

மார்கழி, தையில் ஏறத்தாழ 26 பாகை செல்சியஸ். சித்திரை, வைகாசியில் ஏறத்தாழ 31 பாகை. முழங்காலளவு தண்ணீர் நிற்கும் களப்புப் பகுதிகளில், காற்று விழுந்த மத்தியானத்தில், இதைவிட மேலே போகும். பருத்தித்துறைக்கு வெளியே ஆழக்கடலில் மாற்றம் இதிலும் குறைவு.

5 பாகை மாறினால் படகின் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியுமா?

நீரின் அடர்த்தி 5 பாகைக்கு ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு அளவே குறைகிறது. அது கைக்குத் தெரியாது. பிசுக்குமை, அதாவது தண்ணீரின் 'தடிப்பு', 25 பாகையிலிருந்து 30 பாகைக்குப் போகும்போது ஏறக்குறைய 10 வீதம் குறையும். ஆனால் படகின் அடியில் உராய்வு அதே அளவில் குறைவதில்லை. 2 வீதம் அளவில்தான் குறையும். கணக்குப்படி சூடான தண்ணீரில் படகு ஒரு துளி இலகுவாகவே ஓடவேண்டும். ஆகவே "தண்ணி சூடு, அதனால் இழுக்கேல்லை" என்பது சரியான காரணம் அல்ல.

இழுவை குறைவதில் வெயிலுக்குப் பங்கு உண்டு, ஆனால் அது காற்றின் வழியாக வருகிறது. 25 பாகைக் காற்றோடு ஒப்பிட்டால் 34 பாகைக் காற்றின் அடர்த்தி 3 வீதம் குறைவு. எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றும் அந்த அளவு மெலியும், வலுவும் அந்த அளவு குறையும். அதற்கு மேல் இழப்பு இருந்தால் வேறு குறை இருக்கிறது என்று பொருள்.

நீர்ச்சறுக்கு விளையாட்டில் தண்ணீர்ச் சூட்டுக்கு ஏற்ப செதிலைத் திருத்துகிறார்களே. நமக்கு அது தேவையில்லையா?

நீர்ச்சறுக்குப் பலகையின் வாலில் இருக்கும் உலோகச் செதிலின் ஆழம், நீளம், வாலிலிருந்து அதன் தூரம் ஆகியவற்றை அவர்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் அளந்து மாற்றுகிறார்கள். செதிலில் பூட்டிய சிறு சிறகின் கோணத்தைப் பாகைக் கணக்கில் மாற்றுகிறார்கள். குளிர்நாட்டு ஏரியில் வசந்தத்தில் 10 பாகையில் இருக்கும் தண்ணீர் கோடையில் 27 பாகை வரை ஏறும். அந்த இடைவெளியில் பிசுக்குமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. ஒரு மனிதனின் எடையைத் தாங்கும் ஒடுங்கிய பலகை அதை உணரும். நம்முடைய 5 பாகை மாற்றத்துக்கு, ஒரு தொன் எடையுள்ள படகில், அப்படிச் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் அவர்களுடைய ஒழுங்கு நமக்கு அப்படியே பொருந்தும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றுமுன் பழைய அளவை எழுதி வை, மாற்றிய பின் அதே பாரத்தோடு அதே பாதையில் ஓடிப் பார். எஞ்சின் உயரம், சாய்வு, புரொப்பலர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு எது வேலை செய்தது என்பது ஒருநாளும் தெரியாது.

மாரியில் களப்பு நன்னீராகிவிடுகிறது. படகு தாழ்ந்து போகுமா? எஞ்சினை உயர்த்த வேண்டுமா?

யாழ்ப்பாணக் களப்பில் சூட்டைவிட உப்பின் மாற்றம் பெரிது. கோடையில் ஆனையிறவுப் பக்கத்து ஒடுங்கிய பகுதிகளில் உப்பு கடலைவிட ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அதே இடம் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும்.

பாரத்தோடு 1000 கிலோ எடையுள்ள படகு, தண்ணீர்க் கோட்டில் ஏறத்தாழ 6.5 சதுர மீற்றர் பரப்பு உள்ளது என்று வையுங்கள். தண்ணீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1020 கிலோவிலிருந்து 1005 கிலோவுக்கு இறங்கினால் படகு தாழ்வது 2 மில்லிமீற்றர் சொச்சம். அதே படகில் 200 கிலோ மீன் ஏறினால் 30 மில்லிமீற்றர் தாழும். உப்பைவிட மீன்பெட்டிக்குப் பலம் பத்து மடங்குக்கு மேல். எஞ்சின் அளவைத் தீர்மானிக்கும்போது உப்பை மறந்துவிட்டு, போகும் பாரத்தையும் திரும்பும் பாரத்தையும் நினையுங்கள்.

எஞ்சின் உயரம் சரியா என்று எப்படி அளப்பது?

புரொப்பலருக்கு மேலே கிடையாக நிற்கும் தட்டு உங்களுக்குத் தெரியும். கவிட்டேசன் பிளேட் என்பார்கள். படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, அதிலிருந்து 25 மில்லிமீற்றர் வரை கீழாகவோ அது இருக்க வேண்டும்.

படகைக் கரையேற்றி, அடியில் மணலை ஒதுக்கி, நேரான பலகைச் சட்டம் ஒன்றை ஏராவோடு, அதாவது படகின் அடியில் நெடுக ஓடும் நடுமுதுகோடு, ஒட்டிப் பின்னால் நீட்டிப் பிடியுங்கள். எஞ்சினை இறக்கி, தட்டு சட்டத்துக்குச் சமாந்தரமாக வரும்வரை சாய்வைச் சரிசெய்யுங்கள். பிறகு சட்டத்துக்கும் தட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் எடுங்கள். தட்டு சட்டத்துக்கு மேலே நின்றால் எஞ்சின் உயரம் அதிகம். 25 மில்லிமீற்றருக்குக் கீழே நின்றால் தாழ்வு.

இங்கே அடிக்கடி காணும் பிழை, நீளக்காலும் குட்டைக்காலும் மாறிப்போவது. எஞ்சின் பூட்டும் பின்பலகை 15 அங்குலமானால் குட்டைக்கால் எஞ்சின், 20 அங்குலமானால் நீளக்கால். 15 அங்குலப் பலகையில் நீளக்கால் எஞ்சினைப் பூட்டினால் 5 அங்குல உலோகம் வீணாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். வேகம் குறையும், எண்ணெய் கூடச் செலவாகும், களப்பில் முதலில் தரை தட்டுவதும் அதுதான்.

உயர்த்த வேண்டுமானால் பின்பலகையின் மேல் கெட்டி மரத்துண்டு வைத்து 10 மில்லிமீற்றராக உயர்த்துங்கள். இரண்டு இறுக்கு திருகுகளை மட்டும் நம்ப வேண்டாம். துளையிருந்தால் போல்ட் போட்டுத் துருப்பிடிக்காத நட்டால் இறுக்குங்கள், எஞ்சினைப் படகோடு ஒரு கயிற்றாலும் கட்டுங்கள். தரை தட்டும்போது எஞ்சின் கழன்று விழுந்தால் கிடைக்கும், ஆழ்கடலில் கிடைக்காது.

உயரம் அதிகமானால் ஓட்டத்தில் எப்படித் தெரியும்?

திரும்பும்போதோ அலை ஏறும்போதோ எஞ்சின் திடீரென்று வீரிட்டுக் கத்தும், படகு முன்னே போகாது. புரொப்பலர் மேற்பரப்புக் காற்றை உறிஞ்சுகிறது. கைப்பிடியைத் தளர்த்தி மெதுவாக்கினால் மறுபடி பிடிக்கும்.

உயரம் சரியாக இருந்தும் இது நடந்தால் ஏராவைப் பாருங்கள். ஏரா பின்பலகை வரை தடிப்பாக ஓடி அங்கே மொட்டையாக முடிந்தால், அதன் பின்னால் நுரைத்தண்ணீர் உருவாகி நேராகப் புரொப்பலருக்குள் போகும். முடிவை அரை மீற்றர் தூரத்துக்குப் படிப்படியாக மெலிதாக்கிப் பைபர் பூசினால் பல படகுகளில் சிக்கல் தீர்ந்துவிடும். இதைச் செய்யாமல் எஞ்சினை மேலும் மேலும் தாழ்த்துவது வேகத்தைத் தின்னும் வைத்தியம்.

சோழகத்துக்கும் வாடைக்கும் வேறு வேறு அளவா?

ஆம், இது பயனுள்ள மாற்றம். வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது பாக்குநீரிணையில் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் எழும்பும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஓடுபவர்களுக்கு அந்த அலை நன்றாகத் தெரியும். அப்போது தட்டு அடிமட்டத்துக்கு 20 முதல் 25 மில்லிமீற்றர் கீழே இருக்கட்டும், எஞ்சின் கவ்வியில் உள்ள சாய்வு ஊசியை ஒரு துளை உள்ளே, அதாவது படகுப் பக்கமாகப் போடுங்கள். அணியம், அதாவது படகின் முன்பகுதி, தணிந்து அலையை வெட்டும். வடகிழக்குக் காற்று அடிக்கும் வாடைக்காலத்தில் மாதகல், மயிலிட்டி, பருத்தித்துறைக் கரையில் இறங்குபவர்களுக்கும் இதே அளவுதான். காற்று ஓய்ந்த மாதங்களில், தட்டையான களப்பில், அடிமட்டத்துக்கு நேராக உயர்த்தி வைத்தால் இலகுவான ஓட்டம் கிடைக்கும்.

சாய்வு ஊசியை எந்தத் துளையில் போடுவது?

எஞ்சின் கவ்வியில் 4 அல்லது 5 துளைகள் இருக்கும். படகு முழுவேகத்தில், வழக்கமான பாரத்தோடு ஓடும்போது கவிட்டேசன் பிளேட் தண்ணீர் மட்டத்துக்குச் சமாந்தரமாக நிற்கவேண்டும். அதைத் தரும் துளைதான் உங்கள் துளை. பக்கத்துப் படகின் துளை உங்களுக்கு உதவாது, ஏனென்றால் ஒவ்வொரு பின்பலகையின் சாய்வும் வேறு.

எஞ்சினின் கால், அளவுக்கு மேல் உள்ளே போனால் அணியம் தண்ணீரை உழும், பக்கத்தால் தண்ணீர் அடிக்கும், கைப்பிடி கனக்கும். அளவுக்கு மேல் வெளியே போனால் அணியம் எழும்பி விழுந்து குதிக்கும், திரும்பும்போது காற்றை உறிஞ்சும். ஒரு தடவையில் ஒரு துளை. எஞ்சினை நிறுத்தி, உயர்த்திப் பூட்டிய பிறகே ஊசியை இழுங்கள். விரல் போவது இந்த இடத்தில்தான்.

போகும்போது வலையும் ஐஸும் அணியத்தில் இருக்கும், வரும்போது மீன் நடுவிலோ பின்னிலோ இருக்கும். கடலில் வைத்து ஊசி மாற்றுவதைவிட ஒரு ஆளையோ ஒரு பெட்டியையோ அரை மீற்றர் நகர்த்துவது விரைவான வழி.

படகு எப்போதும் ஒரு பக்கம் இழுக்கிறது. ஏன்?

புரொப்பலரின் சுழற்சியால் வரும் பக்க இழுவை அது. தட்டுக்கு அடியில் சிறிய செதில் ஒன்று உள்ள எஞ்சினானால், அதன் போல்ட்டைத் தளர்த்திச் செதிலைத் திருப்பலாம். படகு இடப்பக்கம் இழுத்தால் செதிலின் பின்முனையை இடப்பக்கமும், வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கமும் சற்றே திருப்பி இறுக்குங்கள். முதலில் சில மில்லிமீற்றர் போதும். பல எஞ்சின்களில் இந்தச் செதிலே அரிப்பைத் தாங்கும் நாக உலோகத் துண்டாகவும் இருக்கிறது. ஆகவே அதற்குப் பெயின்ற் பூசக்கூடாது. பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். பெயின்ற் பூசிய துண்டு கரையாது, அதற்குப் பதிலாக உங்கள் கியர்ப்பெட்டி கரையும்.

புரொப்பலர் சரியானதா என்று எப்படி அறிவது?

புரொப்பலரில் இரண்டு எண்கள் இருக்கும்: முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். ஒரு சுற்றில் தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பதே பிட்ச். பாரமேற்றி, முழுக் கைப்பிடியில், எஞ்சின் புத்தகத்தில் உள்ள சுற்று வரம்புக்குள் வருகிறதா பாருங்கள். பல இரு-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு அது நிமிடத்துக்கு 4500 முதல் 5500 சுற்று. பிளக் கம்பியில் சுற்றும் சிறிய சுற்றுமானி போதும்.

சுற்று வரம்புக்குக் கீழே நின்றால் பிட்ச் அதிகம். எஞ்சின் மூச்சுத்திணறி ஓடுகிறது, கோடையில் சூடாவது இந்த எஞ்சின்தான். 1 அங்குலப் பிட்ச் குறைத்தால் ஏறத்தாழ 200 சுற்று ஏறும். வரம்புக்கு மேலே போனால் பிட்ச்சைக் கூட்டுங்கள்.

கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் இருந்தால் வழுக்கலையும், அதாவது புரொப்பலர் சுற்றியும் படகு முன்னேறாமல் வீணாகும் பங்கையும், கணக்கிடலாம். சுற்று எண்ணைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, மறுபடி 1215ஆல் வகுத்தால் வழுக்கல் இல்லாத வேகம் கடல்மைலில் வரும். 5000 சுற்று, 9 அங்குலப் பிட்ச், 2.08 கியர் என்றால் மணிக்கு 17.8 கடல்மைல். ஜிபிஎஸ் 14 காட்டினால் வழுக்கல் 21 வீதம். பாரமேற்றிய தொழிற்படகுக்கு இது வழமையானது. இந்த எண்ணை எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே பாரத்தில் 35 வீதம் வந்தால் புரொப்பலர் வளைந்திருக்கிறது, அடியில் சிப்பியும் பாசியும் பிடித்திருக்கிறது, அல்லது புரொப்பலரின் நடுவிலுள்ள இறப்பர் புஷ் வழுக்குகிறது. புஷ் வழுக்குகிறதா என்று அறிய நடுக்குழாயிலும் இறக்கைப் பகுதியிலும் சேர்த்து ஒரு நேர்கோடு கீறி ஓடிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்கும் இதே புரொப்பலரா?

ஒரே அளவு எஞ்சினில் மண்ணெண்ணெய் தரும் வலு பெற்றோலைவிடக் குறைவு. அதனால் பிட்ச் ஒரு படி குறைந்தது பொருந்தும். பிட்ச் அதிகமான புரொப்பலரோடு வெயிலில் முழுக் கைப்பிடியில் ஓட்டினால் எஞ்சினுக்குள் தட்டும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் பிஸ்டனின் தலையைத் தின்கிற சத்தம். பெற்றோலில் தொடங்கி, சூடான பிறகு மாற்றி, நிறுத்துமுன் சில நிமிடம் மறுபடி பெற்றோலில் ஓட்டிக் காபரேற்றரைக் கழுவுங்கள்.

தண்ணீர் பீச்சும் துளையில் வரும் தண்ணீர் கோடையில் கொதிக்கிறது. பழுதா?

விரல் வைத்து ஓரிரு விநாடி தாங்கக்கூடிய சூடானால் பழுதில்லை. எஞ்சினுக்குள் இருக்கும் தேர்மோஸ்ராற், உள்ளே சூடு போதுமான அளவு வந்த பிறகே தண்ணீரைத் தாராளமாக விடும். வெளித்தண்ணீர் 26 ஆனாலும் 31 ஆனாலும் அது உட்சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கப் பார்க்கும். நல்ல பம்புக்கு அந்த 5 பாகை பொருட்டல்ல. இறக்கை தேய்ந்து அரைகுறையாகத் தள்ளும் பம்புக்குத்தான் அது வினையாகிறது: தையில் சமாளித்த பம்பு சித்திரையில் தோற்கும்.

ஆவி வந்தால், அல்லது பீச்சல் நூல்போல் மெலிந்தால் உடனே நிறுத்துங்கள். முதலில் தண்ணீர் உள்ளே போகும் வலையைப் பாருங்கள். களப்பில் பத்தில் பல தடவை அங்கே சாதாளையோ பொலித்தீன் பையோ ஒட்டியிருக்கும். கியரைப் பின்னுக்குப் போட்டுச் சில விநாடி ஓட்டினால் தானே கழன்றுவிடலாம். கழலாவிட்டால் எஞ்சினை அணைத்து, உயர்த்தி, கையால் எடுங்கள். வலை சுத்தமாக இருந்தும் பீச்சல் இல்லையென்றால் பீச்சும் துளையை மெல்லிய நைலோன் நூலால் குத்திப் பாருங்கள்; உப்புக்கட்டி அடைத்திருக்கலாம். அதற்கும் சரிவராவிட்டால் பம்பு. சூடேறிய எஞ்சினின் மேல் கடல்நீரை அள்ளி ஊற்றாதீர்கள், தலை வெடிக்கும், தானாக ஆறட்டும்.

பம்பின் இறக்கையை எத்தனை நாளுக்கொரு தடவை மாற்றுவது? எப்படி?

மணலும் சேறும் கலங்கிய களப்பில் ஓடும் எஞ்சினுக்கு ஆண்டுக்கொரு தடவை, பங்குனிக்கு முன். ஆழ்கடல் படகுக்கு ஆண்டுக்கொரு தடவை திறந்து பார்த்து, இறக்கை வளைந்தபடியே நின்றாலோ நுனி வெடித்திருந்தாலோ மாற்றுங்கள்.

பிளக் கம்பியைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். எஞ்சின் புத்தகம் சொல்லும் கியர் நிலையில் வைத்து, கியர்க் கம்பியின் இணைப்பைக் கழற்றி, அடிப்பெட்டியின் போல்ட்டுகளை எடுத்து, நேராகக் கீழே இழுங்கள். பம்பு மூடியின் போல்ட்டுகளை எடுத்தால் இறக்கை தெரியும். தண்டில் உள்ள சிறிய சாவித்துண்டைத் தவறவிடாதீர்கள். மணலில் விழுந்தால் தேடிக் கிடைக்காது, வேலைக்கு முன் ஒரு சாக்கை விரியுங்கள். உட்கிண்ணத்திலும் அடித்தட்டிலும் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அவற்றையும் மாற்றவேண்டும். இறக்கையை மட்டும் மாற்றினால் பணம் வீண். புதிய இறக்கைக்குத் தண்ணீர்படாத கிறீஸ் பூசி, தண்டை மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே கிண்ணத்தை அழுத்தினால் இறக்கைகள் சரியான பக்கம் மடியும். திரும்ப ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் அதன் இறப்பர் வளையத்துக்குள் நேராகப் போகிறதா பாருங்கள். புதுப் பம்பு போட்டும் தண்ணீர் வரவில்லை என்பவர்களில் பலருக்கு அந்தக் குழாய் விலகித்தான் இருக்கும்.

கழுவுவதற்கு நல்ல தண்ணீர் இல்லை. கிணற்றுத் தண்ணீர் போதுமா?

போதும். சுண்ணாம்புக்கல்லிலிருந்து வரும் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, கெற்றிலில் வெள்ளையாகப் படிவது அதனால்தான். ஆனாலும் கடல்நீரோடு ஒப்பிட்டால் அது அமிர்தம். மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. சவர்க் கிணறு வேண்டாம்.

வெட்டிய பரலில் எஞ்சினை இறக்கி, கவிட்டேசன் பிளேட்டுக்கு மேல் 5 சென்ரிமீற்றராவது தண்ணீர் நிற்கும்படி நிரப்புங்கள். புரொப்பலரைக் கழற்றி, நியூட்ரலில், குறைந்த வேகத்தில் 10 நிமிடம் ஓட்டுங்கள். உப்பான களப்பில் ஓடிய நாளில் இதைத் தவறவிடக்கூடாது. தண்ணீர் சூடாகச் சூடாகச் சுண்ணாம்பு உலோகத்தில் அதிகம் ஒட்டும், நிறுத்திய எஞ்சினுக்குள் உலரும் உப்பும் கட்டியாகும். இந்தப் படிவுதான் ஒரு பருவத்தில் தண்ணீர்ப்பாதையை ஒடுக்கி, அடுத்த பருவத்தில் "தண்ணி சூடு" என்று சொல்லவைக்கிறது.

கியர் எண்ணெய் பால்போல் இருக்கிறதே?

தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பலர்த் தண்டின் எண்ணெய்ச் சீலில் வலை நூல் சுற்றி அதை வெட்டியிருக்கும். தண்ணீரில் கட்டி நிற்கும் களங்கண்ணி, சிறகுவலைப் பக்கம் ஓடும் படகுகளில் இது சாதாரணம். சீலை மாற்றி, புது எண்ணெயைக் கீழ்த்துளையால் ஏற்றி, மேல்துளையால் வழியும்போது முதலில் மேல் திருகையும் பிறகு கீழ்த் திருகையும் பூட்டுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை புரொப்பலரைக் கழற்றி நூல் சுற்றியிருக்கிறதா பார்த்தால் இந்தச் செலவு வராது.

ஆழமில்லாத இடத்தில் எஞ்சினை அரைவாசி தூக்கி ஓட்டலாமா?

மெதுவாக ஓட்டலாம். தண்ணீர் உள்ளே போகும் வலை எப்போதும் மூழ்கியிருக்க வேண்டும், பீச்சல் நிற்கக்கூடாது. மண்டைதீவு, அராலிப் பக்கத்துச் சேற்றில் தள்ளிக்கொண்டு ஓடினால் பம்பு சேற்றையே குடிக்கும். அந்தத் தூரத்துக்கு மரக்கோல் ஊன்றுங்கள்.